செல்லாத திறவுகோல்

பூட்டும் திறவுகோலும் மக்கள் வாழ்வில் நெடுங்காலம் பழகிய பொருள்கள். தனக்கென ஒரு வீடும், அவ்வீட்டில் பேணத்தக்க பொருள்கள் சிலவும் அமைந்த அன்றே மனிதன் பூட்டைப் பற்றி எண்ணத் தொடங்கிவிட்டான். ஆனால் பூட்டுக்கு ஆள் தெரியாது; திறவுகோல் ஒன்றுதான் தெரியும். அது உரியவன் கையில் இருந்தாலும் கள்வன் கையில் இருந்தாலும் பூட்டு ஒரே வகையாகத் திறந்துகொள்ளும்.

முத்திரையின் இயல்பு வேறு. புகார்த் துறைமுகத்தில் வந்து குவிந்த பண்டங்களைச் சுங்க அலுவலர்கள் ஆராய்ந்து, அவற்றின்மீது சோழனின் புலிச்சின்னத்தைப் பொறித்த செய்தியைப் பட்டினப்பாலை கூறுகிறது. அந்தப் புலி எந்தப் பொதியையும் திறந்ததில்லை. எந்தக் கதவையும் காத்ததில்லை. 'இப்பண்டம் முறைப்படி வந்தது. அரசுக்குரிய கணக்கில் சேர்ந்தது' என்று சான்று கூறுவதே அதன் தொழில். திறவுகோல் வழிவிடும், முத்திரை சான்று பகரும். இவ்விரண்டும் வேறு வேறு.

இக்காலத்தில் வீட்டுக் கணிப்பொறிக்குள் ஒரு பொருள் இருக்கிறது. அது பெயரால் திறவுகோல், தொழிலால் முத்திரை. இயங்குதளத்தின் உரிமத் திறவுகோல் என்பது அது. பெயரும் தொழிலும் இவ்வாறு மாறுபட்டிருப்பதால், 'இத்திறவுகோல் செல்லாது' என்று ஒரு நாள் திரை அறிவிக்கும்போது பலர் திகைத்துப் போகின்றனர். திகைத்தவர் அவசரப்படுகிறார், அவசரப்பட்டவர் வழி தவறுகிறார். அத்திறவுகோல் இன்னதென அறிந்தவருக்குத் திகைப்பும் இல்லை. வழி தவறும் அச்சமும் இல்லை.

கணிப்பொறி என்பது உலோகமும் சிலிக்கனும் சேர்ந்த ஒரு பெட்டி. தட்டச்சுப் பலகையில் விரல் பட்டவுடன் திரையில் எழுத்துத் தோன்றுவதும், எழுதியது வட்டில் சேமிக்கப்படுவதும், அச்சுப்பொறி தாளை ஏற்பதும் அப்பெட்டி தானாகச் செய்பவை அல்ல. இவை அனைத்தையும் முறைப்படுத்தி நடத்தும் பெருநிரல் ஒன்று உண்டு. அதுவே இயங்குதளம். மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் அவ்வகையில் பலரும் அறிந்தது.

விண்டோஸை விலை கொடுத்து வாங்குபவர் உண்மையில் வாங்குவது யாது? நிரலையே அவர் வாங்குவதில்லை. அதைப் பயன்படுத்தும் உரிமையை மட்டுமே வாங்குகிறார். இஃது ஏதோ புதுமை அன்று. ஒரு நூலை விலைக்கு வாங்குபவர் அதன் தாளுக்கும் அட்டைக்கும் உரியவர் ஆகிறார். அந்நூலைத் தாமே அச்சிட்டு விற்கும் உரிமை அவருக்கு வருவதில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 1984-ஆம் ஆண்டின் திருத்தம் கணிப்பொறி நிரலையும் அச்சட்டத்தின் காப்பில் சேர்த்தது. அது சேர்க்கப்பட்ட இடம் எது என்பது எண்ணி மகிழத்தக்கது. கவிதையும் கதையும் இடம்பெறும் 'இலக்கியப் படைப்பு' என்னும் வகையில்தான் நிரலும் சட்டத்தால் வைக்கப்பட்டுள்ளது. ஆகவே, நிரல் எழுதியவரும் சட்டத்தின் கண்ணில் ஒரு நூலாசிரியரே.

இவ்வுரிமையைப் பற்றிய வழக்கு வீட்டுக் கணிப்பொறி தோன்றிய நாளிலேயே தோன்றிவிட்டது. 1975-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் ஆல்டேர் என்னும் சிறு கணிப்பொறி ஆர்வலர்களிடையே பரவியது. அதற்கெனப் 'பேசிக்' மொழியை இளைஞர் சிலர் ஆக்கி அளித்தனர். அவர்களுள் ஒருவர் பில் கேட்ஸ். அந்நாளில் நிரல் என்பது துளையிட்ட காகிதச் சுருளில் இருந்தது. ஒருவர் வாங்கிய சுருளைப் பலர் படியெடுத்துக்கொண்டனர். 1976 பிப்ரவரி 3-ஆம் நாளிட்ட திறந்த மடல் ஒன்றில் கேட்ஸ் இதைக் கண்டித்தார். ஆல்டேர் வைத்திருப்போருள் பத்து விழுக்காட்டினருக்கும் குறைவானவரே பேசிக்கை விலை கொடுத்து வாங்கினர் என்பது அவருடைய முறையீடு. அப்பொழுது அவருக்கு வயது 20. படியெடுத்த ஆர்வலரோ, அறிந்ததைப் பகிர்வது நட்பின் இயல்பு என எண்ணினர். உழைத்தவனுக்குக் கூலி வேண்டும் என்பது ஒரு நெறி. அறிவைப் பகிர வேண்டும் என்பது மற்றொரு நெறி. இரண்டும் நல்லவையே. இவ்விரண்டு நெறிகளுக்கும் இடையே எழுந்த அப்பூசல் இன்றும் முற்றும் தீர்ந்தபாடில்லை.

உரிமையைக் காக்க நிறுவனங்கள் எண்களை நாடின. 1995-ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 95-இன் திறவுகோல் மிக எளிய கணக்கினால் அமைந்திருந்தது. கடையில் தனியே விற்ற பெட்டியின் திறவுகோலில் இறுதியில் நின்ற ஏழு இலக்கங்களையும் கூட்டினால் வரும் தொகை ஏழால் மீதியின்றி வகுபட வேண்டும். அந்தப் பூட்டின் வலிமை ஏறத்தாழ அவ்வளவே. ஏழு ஒன்றுகளை எழுதினாலும் கூட்டுத்தொகை ஏழு. தொடக்கப் பள்ளி மாணவன் அறிந்த வகுத்தலால் காக்கப்பட்ட கோட்டை அது.

பின்னர் 25 குறிகள் கொண்ட திறவுகோல் வந்தது. ஐந்தைந்தாக ஐந்து தொகுதிகள். ஆங்கில எழுத்துகள் 26, இலக்கங்கள் 10 ஆகிய 36 குறிகளுள் விண்டோஸ் 7 வரையில் 24 மட்டுமே ஆளப்பட்டன. ஏ, இ, ஐ, ஓ, யூ என்னும் உயிரெழுத்துகள் ஐந்தும் நீக்கப்பட்டன. அதனால் திறவுகோலினுள் தற்செயலாகச் சொற்கள் அமைவதில்லை. ஓ எழுத்தோடு மயங்கும் சுழியும், ஐ எழுத்தோடு மயங்கும் ஒன்றும், எஸ் எழுத்தோடு மயங்கும் ஐந்தும் இடம்பெறவில்லை. எஸ் தானும் இல்லை. இத்துணை எச்சரிக்கையோடு அமைத்தும் ஒரு மயக்கம் எஞ்சியது: பி என்னும் எழுத்தும் எட்டு என்னும் இலக்கமும் அவ்வரிசையில் சேர்ந்தே நிற்கின்றன; ஜி எழுத்தும் ஆறும் அவ்வாறே. சிறிய எழுத்தில் அச்சிட்ட ஒட்டுச்சீட்டு தேய்ந்துவிட்டால் முதிய கண்களுக்கு இவற்றைப் பிரித்தறிதல் அரிது. 'செல்லாது' என்னும் செய்திகளுள் சில இந்தச் சிறு பிழையினாலேயே வருகின்றன.

24 குறிகளை 25 இடங்களில் நிரப்பினால் எத்தனை வகைத் திறவுகோல்கள் அமையும்? மூன்றின் பின் 34 சுழிகளை இட்டால் வரும் எண்ணையும் அத்தொகை விஞ்சும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்துத் திறவுகோலினுள் ஒரு வரிசை எண்ணும், அவ்வெண் மெய்யானதே என்று உறுதி கூறும் மறைகணக்குக் கையொப்பமும் அடங்கியிருந்தன. குருட்டடியாக எழுதிப் பார்த்து மெய்யான திறவுகோலைக் கண்டடைதல் கடற்கரையில் குறித்த ஒரு மணலைத் தேடுவதினும் கடினம்.

ஆயினும் கணக்கின் வலிமை மட்டும் போதவில்லை. மெய்யான திறவுகோல் ஒன்றையே நூறு பேர் பயன்படுத்தினால் கணக்கு என்ன செய்யும்? ஆகவே, 2001-ஆம் ஆண்டு அக்டோபர் 25 அன்று வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியில் ஆக்டிவேஷன் என்னும் உரிமச் சரிபார்ப்பு முறை புகுத்தப்பட்டது. அது கணிப்பொறியின் உறுப்புகளுள் பத்தினை நோக்கி, அவற்றிலிருந்து ஒரு சுருக்கக் குறியை ஆக்கிக்கொண்டது. திறவுகோலும் அக்குறியும் இணையம் வழியாக நிறுவனத்தின் வழங்கிக்குச் சென்றன. இணையம் இல்லாதவர் தொலைபேசியில் 50 இலக்கங்களைப் படித்துக் காட்டி, மறுமுனையிலிருந்து வரும் 42 இலக்கங்களைக் கேட்டு எழுதினர். 30 நாளுக்குள் இதைச் செய்யாதவரைக் கணிப்பொறி உள்ளே விடவில்லை. உறுப்புகளுள் ஒன்றிரண்டு மாறினால் பொறுத்துக்கொள்ளும். பல ஒருங்கே மாறினால் 'இது வேறு கணிப்பொறி' என்று கருதி மீண்டும் சான்று கேட்கும்.

இங்கேதான் திறவுகோல் முத்திரையாக மாறியது. 'உன் கையில் என்ன இருக்கிறது?' என்று மட்டும் கேட்ட கணிப்பொறி, 'அது உனக்கு எவ்வாறு வந்தது? எந்தப் பொறிக்கென வந்தது?' என்றும் கேட்கத் தொடங்கியது. 2015-ஆம் ஆண்டில் விண்டோஸ் 10 வந்தபோது இம்மாற்றம் மேலும் ஒரு படி சென்றது. பலருக்குத் திறவுகோலே எழுத வேண்டியிராத டிஜிட்டல் உரிமம் கிடைத்தது. கணிப்பொறியின் அடையாளமே சான்றாக நிறுவனத்தின் வழங்கியில் பதிந்துகொண்டது. 2016 முதல் அவ்வுரிமத்தை உரியவரின் கணக்கோடு இணைத்து வைக்கும் வசதியும் ஏற்பட்டது.

இனி இத்தகைய திறவுகோல் ஏன் செல்லாமற் போகிறது, போனால் செய்யத்தக்கது யாது என்பவற்றை விளக்க ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளலாம்.

அவ்வீட்டில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் வாழ்கிறார். உடன் இருப்பவர் அவருடைய மகளும் பத்தாம் வகுப்பில் பயிலும் பேத்தியும். ஆசிரியர் தம் ஊர்ப்புறத்து உழவர் வழங்கும் சொற்களைத் திரட்டிக் கணிப்பொறியில் எழுதி வருகிறார். ஒரு வாரத்தில் அது அச்சகம் செல்ல வேண்டும். மழைக்கால இரவொன்றில் மின்னழுத்தம் ஏறி இறங்கியதில் கணிப்பொறியின் மதர்போர்டு என்னும் தாய்ப்பலகை பழுதாயிற்று. பழுதுபார்ப்பவர் வந்து வேறொரு பலகையைப் பொருத்திச் சென்றார். பொறி உயிர் பெற்றது. ஆனால் திரையின் வலப்பக்கத்துக் கீழ்மூலையில், விண்டோஸை ஆக்டிவேட் செய்யுமாறு சொல்லும் மங்கிய எழுத்துகள் தோன்றின. உரிமப் பக்கத்தைத் திறந்தால் 'செல்லும் உரிமம் இல்லை' என்ற செய்தி நின்றது.

ஆசிரியர் மனம் நொந்தார். "ஆறு ஆண்டுகளுக்கு முன்பே முழு விலையும் கொடுத்தேன் அம்மா. ரசீதுகூடப் பெட்டியில் இருக்கிறது. இந்த வயதில் என்னைக் கள்வன் என்கிறதே இந்தப் பொறி!" என்றார்.

பேத்தி திரையை ஊன்றிப் படித்தாள். "இல்லை தாத்தா. அது உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தன் பழைய பலகையைக் காணோம் என்றுதான் சொல்கிறது. இதோ, பிழை எண் எஃப் 211 என்று முடிகிறது, உறுப்பு மாறிவிட்டது என்பது அதன் பொருள்" என்றாள்.

அப்போது அடுத்த வீட்டு இளைஞர் வந்தார். உதவும் மனம் உடையவர். "ஐயா, இதற்கு ஏன் கவலை? இருநூறு ரூபாயில் ஒரு திறவுகோல் வாங்கித் தருகிறேன். அதுவும் வேண்டாமென்றால், என்னிடம் ஒரு சிறு நிரல் இருக்கிறது, ஒரு நொடியில் அந்த எழுத்து மறைந்துவிடும்" என்றார்.

ஆசிரியர் தயங்கினார். அச்சகத்தின் நாள் நெருங்குகிறது, விலையோ சிறிது. 'தரட்டுமே' என்று அவர் வாயெடுக்கும் முன் பேத்தி கேட்டாள்: "அண்ணா, அந்தத் திறவுகோல் யாருடையது?"

இளைஞரிடம் விடை இல்லை. அவருக்கு அது தெரியாது. தெரியாத ஒருவரிடமிருந்து, தெரியாத ஒருவருக்கு வந்த பொருள் அது.

அந்த ஒரு வினாவே இப்பொருளின் உயிர்நிலை. ஒரு திறவுகோல் செல்லாமற் போவதற்குக் காரணங்கள் பல. காரணந்தோறும் மருந்தும் வேறு. குறிகளைத் தவறாக எழுதியிருந்தாலோ, விண்டோஸின் ஹோம் வகைக்குரிய திறவுகோலை புரோ வகைக்கு இட்டிருந்தாலோ, எஃப் 050 என முடியும் பிழை எண் வரக்கூடும். எழுத்தைத் திருத்துவதும், வகையை ஒப்பிட்டுப் பார்ப்பதும் அதற்குரிய செயல்கள். சி 008 என முடியும் எண், அத்திறவுகோல் இசைவுக்கு மேற்பட்ட பொறிகளில் ஆளப்பட்டது என்பதைக் காட்டும். எஃப் 074 என முடிவது வேறொரு கதையைச் சொல்லும். பெரிய அலுவலகங்களும் கல்லூரிகளும் மொத்தமாக உரிமம் பெற்றுத் தம் வழங்கி ஒன்றின் வழியாகப் பொறிகளைச் சரிபார்க்கும் முறை உண்டு. அச்சரிபார்ப்பு 180 நாள் செல்லும். பின் அவ்வழங்கியைத் தொட்டுப் புதுப்பிக்க வேண்டும். அந்த வழங்கியை எட்ட முடியவில்லை என்பதே இவ்வெண்ணின் பொருள். வீட்டுக் கணிப்பொறியில் இச்செய்தி வருமானால், எங்கோ ஒரு நிறுவனத்துக்குரிய முத்திரை இவ்வீட்டில் இடப்பட்டிருக்கிறது என்று ஐயுற இடம் உண்டு. பொறியை விற்றவர் கூறாமல் மறைத்ததை ஆறு திங்கள் கழித்து எண் கூறிவிடுகிறது.

உரிமத்தின் வகையையும் அறிதல் வேண்டும். கணிப்பொறியோடு ஆலையிலேயே பொருத்தி விற்கப்படும் உரிமம் ஒரு வகை. 2012-இல் வந்த விண்டோஸ் 8 காலம் முதல் அத்தகைய திறவுகோல் பெரும்பாலும் தாய்ப்பலகையின் நிலைநினைவிலேயே பொறிக்கப்பட்டு வருகிறது. அது அப்பொறியோடு வாழ்ந்து அப்பொறியோடு முடியும். வேறு பொறிக்கு மாற்ற இசைவு இல்லை. கடையில் தனியே வாங்கும் உரிமம் மற்றொரு வகை. பழைய பொறியிலிருந்து நீக்கிவிட்டு அதைப் புதிய பொறிக்குக் கொண்டு செல்லலாம். முன்னது மரத்தில் செதுக்கிய பெயர் போன்றது. பின்னது கையில் கொண்டு செல்லும் ஆவணம் போன்றது. கட்டளைச் சாளரத்தில் 'எஸ்எல்எம்ஜிஆர்' என்னும் ஏவலை 'டிஎல்ஐ' என்னும் குறியோடு எழுதினால், உரிமம் எவ்வகையினது என்பதையும், திறவுகோலின் இறுதி ஐந்து குறிகளையும் கணிப்பொறி தானே காட்டிவிடும்.

பேத்தி அதைத்தான் செய்தாள். தனியே வாங்கிய உரிமம் என்று திரை காட்டியது. தாத்தா பழைய பெட்டியைத் தேடி எடுத்து மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டு இறுதி ஐந்து குறிகளை ஒவ்வொன்றாகப் படித்தார். திரையில் இருந்தவையும் அவையே. ஐயம் தெளிந்தது. சான்று தொலையவில்லை, சான்றுக்கும் புதிய பலகைக்கும் இடையே இருந்த தொடர்புதான் அறுந்திருந்தது.

அத்தொடர்பை மீண்டும் கட்ட விண்டோஸிலேயே ஒரு வழி அமைந்துள்ளது. உரிமப் பக்கத்தில் உள்ள 'டிரபிள்ஷூட்' என்னும் பகுதியைத் திறந்து, அண்மையில் உறுப்பு மாற்றப்பட்டது என்று தெரிவிக்க வேண்டும். முன்பு உரிமத்தோடு இணைத்த கணக்கினுள் நுழைந்தால், அக்கணக்கிற்குரிய கணிப்பொறிகளின் பட்டியல் தோன்றும். 'இப்பொழுது பயன்படுத்துவது இதுவே' என்று பழைய பெயரைச் சுட்டினால், உரிமம் புதிய பலகையோடு இணையும். அவ்வீட்டுக் கணக்கு பேத்தியின் தாய் பெயரில் இருந்தது. மாலையில் அவர் அலுவலகத்திலிருந்து திரும்பியதும் கடவுச்சொல்லை இட்டார். சிறிது நேரத்தில் மங்கிய எழுத்துகள் மறைந்தன. இருநூறு ரூபாயும் செலவாகவில்லை. ஒரு பொய்யும் செலவாகவில்லை.

எல்லா வீட்டிலும் முடிவு இவ்வளவு இனிதாக அமையும் என்பதற்கில்லை. உரிமம் பழைய பலகையோடு பிணைந்த வகையாக இருந்தால், புதிய உரிமம் வாங்க நேரலாம். அது பொருட்செலவே. ஆயினும் இடைக்காலத்தில் அஞ்ச வேண்டியது ஒன்றும் இல்லை. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் உரிமம் சரிபார்க்கப்படாத நிலையிலும் கோப்புகள் அழிவதில்லை. திரையின் மூலையில் எழுத்து நிற்கும். திரையின் நிறத்தையும் படத்தையும் மாற்றும் வசதிகள் தடைப்படும். ஆசிரியர் திரட்டிய சொற்கள் அனைத்தும் இருந்தபடியே இருக்கும். இதை அறியாதவரே ஒரே இரவில் தீர்வு தேடி ஓடுகின்றனர்.

அவ்வாறு ஓடுபவரை எதிர்கொள்ளக் காத்திருப்பவர் உண்டு. எழுத்தை ஒரு நொடியில் மறைக்கும் நிரல் எவ்வாறு அதைச் செய்கிறது? இயங்குதளத்தின் உட்பகுதிகளை மாற்றும் அதிகாரத்தை முதலில் அது கேட்கும். வைரஸ் காப்பு நிரலைச் சற்று நிறுத்தி வைக்கும்படியும் சொல்லும். காவலனை வெளியே அனுப்பிவிட்டு, அறிமுகம் இல்லாதவனிடம் வீட்டின் எல்லா அறைகளையும் ஒப்படைப்பதற்கு ஒப்பானது இது. 2021-ஆம் ஆண்டின் இறுதியில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் அத்தகைய கள்ள நிரல் ஒன்றின் நிறுவியைச் சோதித்தபோது, அதனுள் கிரிப்ட்பாட் என்னும் தீநிரல் ஒளிந்திருக்கக் கண்டனர். உலாவியில் சேமித்து வைத்த கடவுச்சொற்களைத் திருடுவது அதன் தொழில். இயங்குதளத்தின் விலையை மிச்சப்படுத்த எண்ணியவர் வங்கிக் கணக்கையே இழக்க நேரலாம். கள்ளத் திறவுகோல் ஒரு கதவைத் திறக்கிறது என்பது உண்மைதான். அது யாருக்காகத் திறக்கிறது என்பதே வினா.

பிழை எப்பொழுதும் பயன்படுத்துவோரிடமே இருக்கும் என்று எண்ணுவதும் பொருந்தாது. 2018 நவம்பர் 8 அன்று ஒரு நிகழ்ச்சி நடந்தது. விண்டோஸ் 10 புரோ வகைக்கு முறையாக உரிமம் பெற்றிருந்த பலரின் திரைகளில், அவர்களுடைய உரிமம் ஹோம் வகைக்கே உரியது என்றும், நிறுவியுள்ள வகைக்கு அது செல்லாது என்றும் செய்தி தோன்றியது. அவர்கள் ஒரு குற்றமும் செய்யவில்லை. பிழை மைக்ரோசாப்டின் சரிபார்ப்பு வழங்கிகளில் இருந்தது. நிறுவனம் அதை ஒப்புக்கொண்டு ஏறத்தாழ ஒரு நாளில் சீர்செய்தது. முத்திரையிடும் அதிகாரியே மயங்கினால் நல்ல பண்டமும் கள்ளப் பண்டமாகத் தோன்றும் என்பதற்கு அந்நாள் சான்று. பொறுத்திருந்தவர் தம் உரிமத்தைத் திரும்பப் பெற்றனர். பதறிக் கள்ள நிரலை நாடியவர் எவரேனும் இருந்தால், வழங்கி திருந்திய பின்பும் அவருடைய பொறி திருந்தியிராது.

பெரும் அதிகாரத்தைப் பொறியின் கையில் கொடுத்த நிறுவனங்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. நேர்மையானவரைத் தவறாக ஐயுறும் பொறி, தன் ஐயத்தைப் பணிவோடு கூற வேண்டும். தன்னை மெய்ப்பித்துக்கொள்ளும் வழியையும் எளிதாகக் காட்ட வேண்டும். எக்ஸ்பி 30 நாளில் கதவை அடைத்தது. இன்றைய விண்டோஸ் மூலையில் நின்று நினைவூட்டுகிறது. இவ்வளவு மாற்றமும் அப்பாடத்தைக் கற்றதன் பயன் எனலாம்.

விலை கொடுக்க இயலாதவருக்குக் கள்ள வழி ஒன்றுதான் எஞ்சுகிறதா? இல்லை. 1976-ஆம் ஆண்டின் பூசலில் பகிர்வின் பக்கம் நின்ற நெறியும் வீணாகிவிடவில்லை. 1983-ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஸ்டால்மன், எவரும் பயன்படுத்தவும் ஆராயவும் மாற்றவும் பகிரவும் உரிய குனு என்னும் இயங்குதளத்தை ஆக்கப்போவதாக அறிவித்தார். 1991-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருநிரலை வெளியிட்டார். இரண்டும் சேர்ந்து வளர்ந்த இயங்குதளங்கள் இன்று பலவாகப் பெருகியுள்ளன. இந்தியாவில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் அவற்றுள் ஒன்று. இந்திய மொழிகளில் எழுதும் வசதியும் உடையது. இவற்றின் வீட்டுப் பதிப்புகளுக்கு உரிமத் திறவுகோல் என்பதே வேண்டுவதில்லை. அவற்றிலும் உரிமம் உண்டு. ஆனால் அது பகிர்வதைத் தடுக்க எழுதப்பட்டது அன்று, பகிர்வதைக் காக்க எழுதப்பட்டது. பொருள் இல்லாதவர் ஒளிந்து நடக்க வேண்டிய தேவை இல்லை. தலைநிமிர்ந்து நடக்கவும் ஒரு பெருவழி திறந்தே கிடக்கிறது.

உரிமத்தைப் பேணுவதற்குப் பெரும் புலமை வேண்டா. வாங்கிய நாளின் ரசீதும் திறவுகோல் அச்சிட்ட அட்டையும் வீட்டின் மற்ற ஆவணங்களோடு இருத்தல் வேண்டும். தாய்ப்பலகையை மாற்றும் முன்பே உரிமத்தைக் கணக்கோடு இணைத்துவிட்டால் பின்னர் அலைய வேண்டியதில்லை. பழைய கணிப்பொறியை விலைக்கு வாங்குபவர் அதன் விரைவையும் கொள்ளளவையும் கேட்பதோடு உரிமத்தின் வகையையும் கேட்டறிதல் நன்று. செய்தி தோன்றினால் முதலில் அதைப் படிக்க வேண்டும். பிழை எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். காரணத்தைக் கண்ட பின்பே கையை நீட்ட வேண்டும். நோயின் மூலத்தைக் கண்டறிந்து மருந்து தரும் மருத்துவரின் முறை இதற்கும் பொருந்தும்.

சிறியதொரு திரைச்செய்தியில் இவ்வளவு அடங்கியிருக்கிறது. 'உனக்கு உரிமை உண்டா?' என்று ஒருவர் கேட்கும்போது சினம் எழுவது இயல்பு. உரிமை உடையவருக்கு அச்சினம் தேவையில்லை. அவர் தம் சான்றைக் காட்டினால் போதும். உரிமை இல்லாதவருக்கோ எத்தனை திறவுகோல்கள் கிடைத்தாலும் ஒன்றும் சான்றாகாது. புலி பொறித்த பொதி சுங்கச் சாவடியில் எவர்முன்னும் அஞ்சாமல் கிடந்தது போல, நேர்மையாக வந்த பொருளோடு வாழ்பவர் எந்த வினாவின் முன்னும் அமைதியாக இருப்பர்.